பாராட்டு மட்டுமே அனுமதி

1941 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் சுமார் 95,000 பேர் கூடியிருந்தார்கள். ஜெர்மன் கால்பந்து சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டி. ஒரு பக்கம் அந்தக் காலத்தில் ஜெர்மனியின் மிகப் பெரிய அணியான ஷால்கே. மறுபக்கம் வியன்னாவின் ராப்பிட். (1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக் கொண்டதால் வியன்னா அணிகளும் ஜெர்மன் போட்டியில் ஆட வேண்டியிருந்தது.) இரண்டாம் பாதியில் ஷால்கே 3-0 என்று முன்னிலை. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் அடுத்த கால் மணி நேரத்துக்குள் ராப்பிட் நான்கு கோல் அடித்தது. அதில் மூன்று பிரான்ஸ் பிண்டர் என்ற ஒரே ஆட்டக்காரருடையது. 4-3. பட்டம் வியன்னாவுக்குப் போனது.

அதே நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு ஜெர்மன் வானொலியில் கோயபல்ஸ் ஒரு அறிக்கை வாசித்திருந்தார். சோவியத் ரஷ்யா மீது ஜெர்மனி படையெடுத்துவிட்டது என்ற ஹிட்லரின் அறிக்கை அது. முப்பது லட்சம் வீரர்கள் எல்லையைத் தாண்டிக் கொண்டிருந்த அதே நாளில்தான் இந்த ஆட்டம் நடந்தது. போட்டியைத் தள்ளிவைக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றவில்லை. போரும் விளையாட்டும் ஒரே பத்திரிகையின் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே மொழியில் எழுதப்பட்டுக் கொண்டிருந்த நாடு அது.

சாதாரண நாட்டில் ஒரு செய்தித்தாளின் பக்கங்களுக்குத் தனித்தனி மொழி உண்டு. போர்ச் செய்தி எழுதுகிறவர் ஒரு மாதிரி எழுதுவார், விளையாட்டு நிருபர் இன்னொரு மாதிரி, நாடக விமர்சகர் (கொஞ்சம் திமிராக) வேறொரு மாதிரி. நாஜி ஜெர்மனியில் 12 வருடங்களில் இந்த மூன்றும் கரைந்து ஒன்றாகின. எல்லாப் பக்கத்திலும் வீரம், வரலாற்றுச் சிறப்பு, ஈடு இணையற்ற, என்றென்றும். எல்லாப் பக்கத்திலும் பாராட்டு.

முதலில் விழுந்தது நாடக விமர்சகர்

1920-களின் பெர்லினில் நாடக விமர்சகர்கள் நடிகர்களைவிடப் பிரபலம் என்றால் அது பெரிய மிகை இல்லை. ஆல்ஃபிரட் கெர், ஹெர்பர்ட் ஈரிங் என்ற இருவரும் எதிரெதிர் முகாம். கெர் 'பெர்லினர் டாகெப்ளாட்' பத்திரிகையில் ரோமன் எண் போட்ட குட்டிக் குட்டிப் பத்திகளில் எழுதுவார். பெர்டோல்ட் பிரெக்ட்டை ஈரிங் தூக்கி நிறுத்தினார் என்றால் கெர் கீழே தள்ளப் பார்த்தார். முதல் காட்சி முடிந்த இரவே விமர்சனம் எழுதி, காலைப் பத்திரிகையில் வந்துவிடும். ஒரு நாடகம் நிற்குமா படுக்குமா என்பது காலை காபியோடு தெரிந்துவிடும்.

ஹிட்லர் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, 1933 பிப்ரவரியில், யூதரான கெர் நாட்டைவிட்டுத் தப்பினார். மே 10 அன்று பெர்லினில் புத்தகங்களை எரித்தபோது அவர் பெயரைச் சொல்லியே அவர் புத்தகங்களை நெருப்பில் போட்டார்கள். அவர் குற்றமாகச் சொல்லப்பட்டது, ஜெர்மன் மொழியைக் கெடுத்தார் என்பது! கெர் இருந்த நாற்காலியில் 1934-ல் உட்கார்ந்தவர் பழைய எதிரி ஈரிங். அவரும் 1936-ல் பத்திரிகைத் தொழிலிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அந்த 1936 முக்கியமான வருடம். மே மாதம் கோயபல்ஸ் இரவு விமர்சனத்தைத் தடை செய்தார். அதாவது நாடகம் பார்த்த சூட்டோடு எழுதி மறுநாள் காலையில் போடக் கூடாது. நவம்பர் இறுதியில் அடுத்த படி: கலை விமர்சனமே தடை. விமர்சகர் என்ற பெயரும் போனது. இனி அவர் 'கலைச் செய்தி ஆசிரியர்'. அவர் வேலை மதிப்பிடுவது இல்லை, விவரிப்பது. எது கலை, எது கலை இல்லை என்று சொல்ல அரசும் கட்சியும் இருக்கின்றன. பத்திரிகைக்காரர் நடந்ததை மரியாதையோடு எழுதினால் போதும்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணம் கேட்க நியாயமாகவே இருக்கும். கலைஞர்கள் பாவம், எங்கிருந்தோ வந்த ஒருவர் ஒரே இரவில் அவர்கள் உழைப்பைக் கிழித்துப் போடுகிறாரே, அது சரியா? விமர்சனத்தால் அடிபட்ட எந்தக் கலைஞரும் தலையாட்டக்கூடிய வாதம். ஆனால் நடந்தது என்ன? திட்ட முடியாது என்று ஆனவுடன் பாராட்டும் செத்துப் போனது. 'அருமையான நடிப்பு' என்று எழுதியிருந்தால் அது உண்மையிலேயே அருமையா, வேறு எழுத வழியில்லாமல் எழுதியதா? வாசகருக்குத் தெரியாது. நடிகருக்கும் தெரியாது. ஒருவரைப் பற்றி எவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறார்கள், யார் பெயரை விட்டுவிட்டார்கள் என்று வரிகளுக்கு நடுவே தேடிப் படிப்பதுதான் மிச்சம்.

1923-ல் ஜெர்மனியின் பணம் இதே கதிக்கு ஆளானது. அந்த வருட நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். எல்லோர் கையிலும் கோடிகள் இருந்ததால் கோடிக்கு மதிப்பில்லை. சொற்களிலும் அதுதான் நடக்கும் என்பதை ஜெர்மனி பதினைந்து இருபது வருடங்களில் இரண்டாவது முறையாகக் கற்றுக் கொண்டது.

இதெல்லாம் எப்படி நடைமுறைக்கு வந்தது என்றால், மிகச் சாதாரணமாக. 1933 அக்டோபரில் வந்த ஆசிரியர் சட்டப்படி, அரசு ஒப்புதல் பெற்ற பட்டியலில் பெயர் இல்லாதவர் பத்திரிகையில் எழுத முடியாது. பெர்லினில் தினமும் ஒரு பத்திரிகையாளர் கூட்டம். எந்தச் செய்தியைப் பெரிதாகப் போட வேண்டும், எதைத் தொடக் கூடாது, எந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். 'பிரசாரம்' என்ற சொல்கூட ஒதுக்கீடு செய்யப்பட்டது: நாம் செய்தால்தான் அது பிரசாரம், எதிரி செய்தால் அவதூறு. குறிப்பெடுத்த காகிதங்களை அழித்துவிட வேண்டும் என்பது விதி. சில நிருபர்கள் அழிக்காமல் ஒளித்து வைத்ததால்தான் இன்று ஆயிரக்கணக்கான உத்தரவுகள் நமக்குத் தெரிகின்றன.

ஸ்கோர் போர்டுக்கு உத்தரவு போட முடியாது

நாடகம் நன்றாக இருந்தது என்று எழுதிவிடலாம், யார் மறுக்கப் போகிறார்கள்? விளையாட்டில் அந்த வசதி இல்லை. கோல் எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும்.

1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் மாக்ஸ் ஷ்மெலிங் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயிஸை 12-வது சுற்றில் வீழ்த்தினார். குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வெற்றி ஒரே இரவில் இனத்தின் வெற்றியானது. அந்தச் சண்டைப் படத்தைத் திரையரங்குகளில் ஓட்டினார்கள். அதன் தலைப்பே ஷ்மெலிங்கின் வெற்றி ஜெர்மன் வெற்றி என்பதுதான். இரண்டு வருடம் கழித்து 1938 ஜூன் 22 அன்று அதே இருவர் மோதினார்கள். 124 விநாடி. முதல் சுற்றிலேயே ஷ்மெலிங் காலி. முதல் வெற்றி இனத்துடையது என்றால் இந்தத் தோல்வி யாருடையது? அந்தக் கேள்வியைக் கேட்க எந்தப் பத்திரிகையும் இல்லை.

1941 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்த நாள். பெர்ன் நகரில் ஜெர்மன் கால்பந்து அணி சுவிட்சர்லாந்திடம் 2-1 என்று தோற்றது. கோயபல்ஸ் கொதித்தார். முடிவில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் இனி விளையாட்டுப் போட்டியே வைக்காதீர்கள் என்பது அவர் உத்தரவு. யோசித்துப் பார்த்தால், முடிவில் சந்தேகம் இல்லாத விளையாட்டு விளையாட்டே இல்லை. ஒரு பிரசார அமைச்சர் விளையாட்டின் மேல் வைத்த மிகச் சரியான விமர்சனம் இது!

ஆனாலும் போட்டிகள் நடந்தன. 1942 செப்டம்பர் 20, பெர்லினில் ஸ்வீடனிடம் 3-2 தோல்வி. அப்போது ஜெர்மன் படை ஸ்டாலின்கிராட் தெருக்களில் சண்டையிட்டுக் கொண்டிருந்தது. வெளியுறவு அமைச்சக அதிகாரி மார்ட்டின் லூதர் இதைப் பற்றி எழுதிய குறிப்பு ஒன்று பின்னால் கிடைத்தது. ஒரு லட்சம் பேர் மனமுடைந்து மைதானத்தைவிட்டுப் போனார்கள். கிழக்கில் ஏதோ ஒரு நகரத்தைப் பிடிப்பதைவிட இந்த ஆட்டத்தின் வெற்றிதான் அவர்களுக்கு நெருக்கமாக இருக்கிறது. எனவே இப்படிப்பட்ட ஆட்டங்களை நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பத்திரிகைகள் தினமும் பொழிந்த வெற்றிச் சொற்களைவிட ஒரு கோல் கனமாக இருந்தது என்பதை ஒரு நாஜி அதிகாரியே ஒப்புக்கொண்ட இடம் இது.

1942 நவம்பர் 22 அன்று பிராட்டிஸ்லாவாவில் ஸ்லோவாகியாவை 5-2 என்று வென்றார்கள். அதுதான் அந்த அணியின் கடைசி ஆட்டம். அதே நாளிலும் மறுநாளிலும் சோவியத் படைகள் ஸ்டாலின்கிராடைச் சுற்றி வளையத்தை மூடிக் கொண்டிருந்தன. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஜெர்மனியின் அடுத்த சர்வதேச கால்பந்து ஆட்டம் சரியாக எட்டு வருடம் கழித்து 1950 நவம்பர் 22 அன்று நடந்தது. எதிரணி, அதே சுவிட்சர்லாந்து.

ஒரு பேராசிரியரின் ரகசியக் குறிப்புகள்

டிரெஸ்டன் நகரில் விக்டர் கிளெம்பரர் என்று ஒரு பிரெஞ்சு இலக்கியப் பேராசிரியர் இருந்தார். யூதர் என்பதால் 1935-ல் பல்கலைக்கழக வேலை போனது. பிறகு நூலகம் போகத் தடை, வானொலி வைத்திருக்கத் தடை, பத்திரிகை வாங்கத் தடை, தட்டச்சுப் பொறியும் பறிமுதல். வளர்த்த பூனையைக்கூடக் கொல்ல வேண்டி வந்தது, யூதர்கள் வீட்டில் விலங்கு வளர்க்கக் கூடாது என்பதால். மனைவி ஈவா யூதர் அல்லாததால் மட்டுமே அவர் முகாமுக்கு அனுப்பப்படவில்லை.

எல்லாம் பறிபோன பிறகு அவரிடம் இருந்தது காது மட்டும். தெருவில் ஒலிபெருக்கி சொன்னது, தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர் பேசியது, எப்படியோ கையில் கிடைத்த பழைய பத்திரிகை என்று எல்லாவற்றிலும் வரும் சொற்களை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்தக் காகிதங்களை ஈவா பிர்னா என்ற ஊரில் இருந்த மருத்துவத் தோழியிடம் கொண்டு போய் ஒளித்து வைப்பார். ஒரு தாள் அகப்பட்டிருந்தால் மூன்று பேருக்கும் மரணம்தான். போருக்குப் பிறகு 1947-ல் அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். மூன்றாம் ரைக்கின் மொழி என்று பொருள்படும் லத்தீன் பெயரின் முதலெழுத்துகளே அதன் தலைப்பு: எல்.டி.ஐ.

வீரம் என்ற சொல் மூன்று சீருடைகளில் வந்தது என்கிறார் கிளெம்பரர். முதலில் தெருச் சண்டையில் ரத்தம் சிந்திய நாஜிக் கட்சித் தொண்டன். அடுத்து ஹெல்மெட்டும் கண்ணாடியும் மாட்டிய கார் பந்தய வீரன். கடைசியில் டாங்கி ஓட்டும் சிப்பாய். நடுவில் இருக்கிற பந்தய வீரனைக் கவனிக்க வேண்டும். பெர்ண்ட் ரோசெமையர் 1938 ஜனவரி 28 அன்று பிராங்பர்ட் அருகே நெடுஞ்சாலையில் வேக சாதனைக்கு முயன்றபோது காற்றில் கார் தடுமாறி இறந்தார். அவருக்குப் போரில் விழுந்தவனுக்குரிய மரியாதை செய்தார்கள். அடுத்த வருடம் உண்மையான போர் வந்தபோது அதை எழுதத் தேவையான மொழி விளையாட்டுப் பக்கத்தில் தயாராக இருந்தது.

'வெறித்தனமான' என்பது ஜெர்மனிலும் ஒரு காலத்தில் வசைச் சொல்தான். நாஜிகள் அதைப் பாராட்டாக்கினார்கள். வெறித்தனமான விசுவாசம், வெறித்தனமான உழைப்பு. சொன்னதையே சொல்லி அது தேய்ந்து போனதும் 1944-ல் கோயபல்ஸ் 'காட்டுத்தனமான வெறி' வேண்டும் என்று எழுதினார். அப்படியானால் சாதுவான வெறி என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டார் கிளெம்பரர்.

எண்களுக்கும் இதே கதி. போர் வெற்றிச் செய்திகளை வானொலி 'சிறப்பு அறிவிப்பு' என்று எக்காள இசையோடு ஒலிபரப்பும். ரஷ்யப் போருக்கென்று பிரான்ஸ் லிஸ்ட்டின் இசையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார்கள். 1941 ஜூன் 29 அன்று ஒரே நாளில் 12 சிறப்பு அறிவிப்புகள். செப்டம்பரில் கீவ் நகருக்கு அருகே 6,65,000 கைதிகள் என்றார்கள். அக்டோபர் 9 அன்று பத்திரிகைத் தலைவர் ஓட்டோ டீட்ரிஷ் நிருபர்களை அழைத்து, கிழக்குப் போர் முடிவாகிவிட்டது என்றே அறிவித்தார். மறுநாள் கட்சிப் பத்திரிகையின் தலைப்புச் செய்தி அது. இரண்டு மாதத்தில் ஜெர்மன் படை மாஸ்கோ வாசலிலிருந்து பனியில் பின்வாங்கிக் கொண்டிருந்தது. வெற்றி என்று ஏற்கெனவே அச்சடித்துவிட்டதால் அதற்குமேல் சொல்ல ஒரு சொல்லும் கையிருப்பில் இல்லை.

எதிரியைப் பாராட்டலாமா என்ற சிக்கலும் வந்தது. முதல் உலகப் போரில் இது சிக்கலாக இருக்கவில்லை. 1914 செப்டம்பரில் சென்னையின் மீது குண்டு போட்ட எம்டன் கப்பலின் கேப்டன் முல்லரை பிரிட்டிஷ் பத்திரிகைகளே கனவான் என்று புகழ்ந்தன. நம் ஊரில் 'ஆள் சரியான எம்டன்' என்பது இன்றும் ஒரு மாதிரி பாராட்டுதானே! ஆனால் 1942 ஜூலையில் செவாஸ்டபோல் விழும்வரை சோவியத் வீரர்கள் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தபோது, அதை வீரம் என்று ஜெர்மன் மக்கள் சொல்லிவிடுவார்களோ என்று கோயபல்ஸுக்குக் கவலை. 'தஸ் ரைக்' வார இதழில் ஒரு கட்டுரையே எழுதினார். அது வீரம் இல்லை, விலங்குத்தனமான பிடிவாதம் என்று. பாராட்டுச் சொற்கள் முழுவதும் ஒரே பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால் கண்ணெதிரே நடப்பதைச் சொல்லக்கூட ஆறு பத்தி தேவைப்படுகிறது.

இதற்குள் மக்கள் தலைகீழாகப் படிக்கக் கற்றுக் கொண்டிருந்தார்கள். கிளெம்பரர் ஒரு சம்பவம் சொல்கிறார். 1941 டிசம்பரில் அவருடைய யூத நண்பர் ஒருவர் வேலையிலிருந்து முகம் மலர்ந்து வந்தார். ஆப்பிரிக்காவில் அவர்களுக்கு நிலைமை மோசம் என்றார். ராணுவ அறிக்கையே அப்படிச் சொல்கிறதா என்று இவர் கேட்டார். இல்லை, நம் படைகள் வீரத்தோடு போராடுகின்றன என்றுதான் போட்டிருக்கிறார்கள். வீரம் என்றாலே அது இரங்கல் செய்தி மாதிரிதானே என்றார் அந்த நண்பர். அதன் பிறகு அந்தச் சொல் எத்தனையோ முறை வந்தது, ஒரு முறைகூட ஏமாற்றவில்லை என்கிறார் கிளெம்பரர்.

இரங்கல் உரை

ஸ்டாலின்கிராடில் படை சூழப்பட்டதை ஜனவரி பாதிவரை மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1943 ஜனவரி 30 அன்று கோரிங் வானொலியில் பேசினார். கிரேக்கத்தின் தெர்மோபிலே கணவாயில் லியோனிடஸும் 300 வீரர்களும் கடைசிவரை நின்று செத்ததை எடுத்துச் சொல்லி, ஸ்டாலின்கிராடும் அப்படித்தான் பேசப்படும் என்றார். இடிபாடுகளுக்குள் பட்டினியில் கிடந்த சிப்பாய்கள் சிலர் அந்தப் பேச்சை வானொலியில் கேட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே தங்களுக்கு வாசிக்கப்பட்ட இரங்கல் உரையைக் கேட்டவர்கள் அவர்கள்.

பிப்ரவரி 2-ல் சண்டை முடிந்தது. 3-ம் தேதி முரசொலியோடு வானொலியில் அறிவிப்பு, பிறகு பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. தளபதியும் சிப்பாயும் தோளோடு தோள் நின்று கடைசிக் குண்டுவரை போராடினார்கள், ஜெர்மனி வாழ்வதற்காக அவர்கள் இறந்தார்கள் என்று. உண்மையில் சுமார் 91,000 பேர் சரணடைந்து உயிரோடு இருந்தார்கள். முந்தின நாட்களில்தான் பீல்டு மார்ஷலாக உயர்த்தப்பட்ட பவுலஸும் அவர்களில் ஒருவர். அதைச் சொன்னால் பாராட்டு கெட்டுவிடும். அதனால் வீட்டில் காத்திருந்த தாய்மார்களுக்கு மகன் வீரமரணம் என்று மட்டும் தெரிவிக்கப்பட்டது. பிடிபட்டால் கடும் தண்டனை என்று தெரிந்தும் மாஸ்கோ வானொலி வாசிக்கும் கைதிகளின் பெயர்களை ரகசியமாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த வீடுகளில் பாராட்டு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பெயர்தான் வேண்டியிருந்தது. அந்த 91,000 பேரில் கடைசியாக ஊர் திரும்பியவர்கள் ஆறாயிரம் பேர் அளவில்தான்.

மூன்று நாள் துக்கம் என்று நாடக அரங்குகளும் சினிமாக்களும் மூடப்பட்டன. பிப்ரவரி 18 அன்று கோயபல்ஸ் 'முழுமையான போர்' வேண்டுமா என்று கூட்டத்தைக் கேட்ட புகழ்பெற்ற பேச்சு நடந்தது. இடம், பெர்லினின் விளையாட்டு அரண்மனை. குத்துச்சண்டையும் சைக்கிள் பந்தயமும் நடக்கும் அரங்கம். ஸ்டாலின்கிராடுக்குப் பிறகு கோயபல்ஸின் மொழியிலும் குத்துச்சண்டைதான்: கண்ணில் வழியும் ரத்தத்தைத் துடைத்துக் கொண்டு அடுத்த சுற்றுக்கு நிற்போம் என்றார். கைதட்டியவர்களில் மேடை நாடகப் பெரும் நடிகர் ஹைன்ரிஷ் ஜார்ஜ் இருந்ததைச் செய்திப்படம் காட்டியது. போர், விளையாட்டு, நாடகம் என்ற மூன்று பக்கங்களும் ஒரே கூரையின் கீழ் வந்த நாள் அது. நுழைவுச் சீட்டு கொடுத்து அழைக்கப்பட்ட கூட்டம், எனவே முடிவில் சந்தேகம் இல்லை.

அதன் பிறகு பின்வாங்கல் 'முன்னணி வரிசையை நேராக்குதல்' ஆனது. 1944 செப்டம்பர் 1 முதல் நாட்டின் எல்லா நாடக அரங்குகளும் மூடப்பட்டன. பாராட்டி எழுதக்கூட நாடகம் இல்லை.

ஹைன்ரிஷ் ஜார்ஜ் நடித்த 'கோல்பெர்க்' என்ற பிரம்மாண்ட வண்ணப்படம் 1945 ஜனவரி 30 அன்று வெளியானது. நெப்போலியன் காலத்தில் சரணடைய மறுத்த ஒரு கடலோர நகரத்தின் கதை. மார்ச் 18-ல் உண்மையான கோல்பெர்க் நகரம் சோவியத், போலந்துப் படைகளிடம் விழுந்தது. படத்தின் பெயர் கெட்டுவிடும் என்று அந்தச் செய்தி ராணுவ அறிக்கையில் வராமல் கோயபல்ஸ் பார்த்துக் கொண்டார்.

ஒரு மாதத்துக்கு முன், பிப்ரவரி 13 இரவில், டிரெஸ்டன் எரிந்தபோது கிளெம்பரர் சட்டையில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஈவாவோடு கூட்டத்தில் கலந்து தப்பினார். நாட்குறிப்புகள் பிர்னாவில் பத்திரமாக இருந்தன. ராணுவ அறிக்கை தொடர்ந்து தினமும் வந்தது. கடைசி அறிக்கை 1945 மே 9 அன்று, ஹிட்லரும் கோயபல்ஸும் இறந்த பிறகு, நிபந்தனையற்ற சரணாகதி கையெழுத்தான பிறகு, வடக்கே பிளன்ஸ்பர்க்கிலிருந்து ஒலிபரப்பானது. ஜெர்மன் படை மாபெரும் எதிரி பலத்துக்கு முன் கௌரவமாகத் தோற்றது என்று அதில் சொன்னார்கள்.